சிவப்பு பிரேக்கும் மொட்டை டயரும்



வழக்கமாக இப்பக்கத்தில் வாசிப்பு, வாய்மொழித் தேர்வு, வீட்டில் தமிழ் பேசுதல் ஆகியவற்றைப் பற்றியே எழுதுவேன். இன்று கார் பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன். தமிழாசிரியருக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் பள்ளிக்கு அழைத்து வருபவர்கள் நாம். வேறு பிள்ளைகள் சாலையைக் கடக்கும் வேளையில் அதே சாலையில் கார் ஓட்டி வருபவர்களும் நாமே. ஆகவே இது நமக்கும் உரிய பொருள்தான்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் ஆங் மோ கியோவில் உள்ள என் வீட்டிற்கு வந்திருந்தார். படித்து முடித்து வேலைக்குச் சென்று, பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காகவே பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். விலை குறைந்த சிறிய கார். பத்தாண்டு முடிந்து, வாகன உரிமைச் சான்றிதழை மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த கார். தேநீர் குடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "சார், இங்கே தொழிற்பேட்டையில் நல்ல பட்டறை ஏதும் உங்களுக்குத் தெரியுமா? பெரிய பிரேக் மாற்ற வேண்டும்."

காரணத்தைக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார். ஒரு மாலை, நல்ல மழையில், அவென்யூ 6இல் வந்துகொண்டிருந்திருக்கிறார். நடப்போர் கடக்குமிடத்தில் விளக்கு மாறிவிட்டது. பிரேக்கை மிதித்தும் கார் நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டிக் கடக்கும் பாதையின் நடுவே போய் நின்றது. புத்தகப் பையோடு ஒரு சிறுவன் நாலு எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

"முழு பலத்தோடு மிதித்தேன் சார். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது. ஆனால் கார் வழுக்கிக்கொண்டே போனது. இந்த பிரேக் போதாது."

அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லையாம். மறுநாளே ஒரு பட்டறையில் விசாரித்திருக்கிறார். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் பெரிய தட்டு, சிவப்பு வண்ணம் பூசிய பெரிய பிடிப்பான், எஃகு வலை போர்த்திய குழாய் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ அவருடைய ஒரு மாதச் சம்பளம் ஆகும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கொடுக்கத் தயாராக இருந்தார். அந்தச் சிறுவனின் முகம் அவர் கண்ணை விட்டு அகலவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

ஆனாலும் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்பதே இக்கட்டுரை.

உதறிய பெடல் சொன்ன செய்தி

அவர் சொன்னவற்றுள் மிக முக்கியமானது பெடல் உதறியது என்பதுதான். அவர் அதைக் கோளாறு என்று எண்ணினார். அது கோளாறன்று. ஏபிஎஸ் என்று நாம் சொல்லும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு வேலை செய்ததன் அடையாளம் அது. பாஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு ஏபிஎஸ் 1978ஆம் ஆண்டு மெர்சிடிஸ் காரில் அறிமுகமானது. இன்று விலை குறைந்த கார்களிலும் அது இருக்கிறது. பிரேக்கின் பிடி டயரின் பிடியை மிஞ்சும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிடப் பார்க்கும். அப்போது ஏபிஎஸ் பிரேக்கை நொடிக்குப் பல முறை தளர்த்தி மீண்டும் இறுக்கும். அந்த உதறலே நம் காலுக்குத் தெரிகிறது.

இதன் பொருள் என்ன? அவருடைய பழைய, சிறிய பிரேக்குக்கு அன்று சக்கரத்தைப் பூட்டும் அளவு வலிமை இருந்தது. தேவைக்கு மேலேயே இருந்தது. அந்த வலிமையை ஈரச் சாலையில் இறக்கி வைக்க டயரால் இயலவில்லை. அங்கே இரு மடங்கு பெரிய பிரேக்கைப் பொருத்தினாலும் ஏபிஎஸ் இன்னும் சற்று முன்னதாகவே உதறத் தொடங்கியிருக்கும். கார் அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

பிரேக் சக்கரத்தை நிறுத்துகிறது. காரை நிறுத்துவது டயர். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது டயர் மட்டுமே. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். காரும் அதிலுள்ள உயிர்களும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே செல்கின்றன.

இருவரும் கீழே இறங்கி, அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நின்ற அவருடைய காரைப் பார்த்தோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துக்குள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3520 என்றிருந்தால் 2020ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். அவருடைய டயர்கள் எட்டாண்டுப் பழையவை. காரோடு வந்தவை. அவர் அவற்றைப் பார்த்ததே இல்லை. பள்ளங்களின் ஆழம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். முற்றிலும் மொட்டை என்று சொல்ல முடியாது. மொட்டைக்கு முந்திய நிலை. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் டயரின் பள்ளங்கள் இருப்பது அழகுக்காக அன்று. சாலைக்கும் டயருக்கும் நடுவில் சேரும் மழைநீரை வெளியேற்றுவதற்காக. பள்ளம் ஆழம் குறைந்தால் நீர் வெளியேற வழியின்றி டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். ரப்பரும் வயதாக ஆகக் கெட்டிப்பட்டுப் பிடிப்பை இழக்கும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஊரில் இருந்துகொண்டு நாம் டயரை மறந்துவிட்டு பிரேக்கைக் குறை சொல்கிறோம்.

பெரிய பிரேக் எதற்காகப் பிறந்தது?

பெரிய பிரேக் வீண் என்று நான் சொல்லவில்லை. அது எந்த நோய்க்கு மருந்து என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரேக் ஒரு வெப்பக் கருவி. ஓடும் காரின் ஆற்றல் முழுவதையும் உராய்வால் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுகிறது. மீண்டும் மீண்டும், இடைவிடாமல், அதிக வேகத்திலிருந்து நிறுத்தும்போது வெப்பம் வெளியேற நேரமின்றித் தேங்கும். அப்போது பிரேக் கட்டையின் பிடி குறையும். பெரிய தட்டு அதிக வெப்பத்தைத் தாங்கும், விரைவில் ஆறும். அதன் முதன்மைப் பயன் அதுதான். 1953ஆம் ஆண்டு லே மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் டன்லப் தட்டு பிரேக்கோடு ஓடி வென்றதும், மற்றக் கார்களின் உருளை பிரேக்குகள் வெப்பத்தில் சோர்ந்தபோது இவை சோராமல் நின்றதும் இதற்குப் புகழ்பெற்ற சான்று.

ஆனால் நம் ஊரில் அந்த வெப்பம் எங்கிருந்து வரும்? சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். ஆங் மோ கியோவிலிருந்து தேக்காவிற்கு மத்திய விரைவுச்சாலையில் சென்று வரும் சிறிய காரின் பிரேக் சோர்ந்துபோக வாய்ப்பு மிகக் குறைவு. சிப்பாங் பந்தயத் தடத்துக்குச் சென்று சுற்றுச் சுற்றாக ஓட்டுபவருக்கு அது தேவைப்படலாம்.

நம்மவர்களுக்கு உண்மையிலேயே வெப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குச் செல்கிறோம். தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,200 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து சமவெளிக்கு இறங்கினால், மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து சுமார் 140 முறை அதை நிறுத்துவதற்கு ஈடான ஆற்றல் வெளிப்படும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரின் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மீதியை பிரேக்கின் தலையில் கட்டுவதா, எஞ்சினிடம் கொடுப்பதா என்பது ஓட்டுநரின் கையில் இருக்கிறது. கியரைக் குறைத்துவிட்டால் எஞ்சினே காரை இழுத்துப் பிடிக்கும். தானியங்கிக் கியர்களிலும் இறக்கத்துக்கென்று ஒரு நிலை பெரும்பாலும் உண்டு. அதைப் பயன்படுத்தத் தெரியாமல் பெடலில் கால் வைத்தபடியே மலையிறங்குபவருக்குப் பெரிய பிரேக் ஆபத்தைச் சற்று ஒத்திப்போடும், அவ்வளவே.

முன் சக்கரங்களுக்கு மட்டும் பெரிய பிரேக் வைப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு விசை என்பதை, காரின் எடையையும் நீளத்தையும் கணக்கிட்டுத்தான் செய்தவர்கள் பங்கிட்டிருக்கிறார்கள். முன்பக்கத்தை மட்டும் வலுப்படுத்தினால் அப்பங்கீடு குலையும். பின் பிரேக் தன் பங்கைச் செய்வதற்கு முன்பே முன் சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கும். பிடிப்பானில் பெரிய பிஸ்டன் இருந்தால் அதை நகர்த்த அதிகத் திரவம் வேண்டும். பெடலைக் கூடுதல் ஆழத்துக்கு மிதிக்க நேரிடும். தட்டு பெரிதானால் பழைய சக்கரம் அதன் மேல் பொருந்தாமல் சக்கரத்தையும் மாற்ற வேண்டி வரலாம். ஒரு செலவு மற்றொரு செலவைக் கையைப் பிடித்து அழைத்து வரும்.

இத்துடன் சட்டமும் இருக்கிறது. காரில் செய்யும் மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாக வகுத்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை. எந்த மாற்றமானாலும் அது எந்த வகையில் வருகிறது என்பதை ஆணையத்தின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறையில் "எல்லாரும் செய்கிறார்கள்" என்பதை விடையாக ஏற்காதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எண்ணெய் என்று பெயர், எண்ணெய் அன்று

இங்கே தமிழாசிரியனாக ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் எல்லாரும் 'பிரேக் ஆயில்' என்கிறோம். பெரும்பாலான கார்களில் இருப்பது எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. கிளைக்கால் வகை வேதித் திரவம். பெயரை நம்பி யாராவது எஞ்சின் ஆயிலை அந்தக் கலத்தில் ஊற்றிவிட்டால், உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகும், பிரேக்கே பிடிக்காமல் போகும். தவறான பெயர் உயிரையும் வாங்கலாம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 'பிரேக் திரவம்' என்று சொல்லிப் பழகுவோம்.

இத்திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். நம்முடையதோ ஈரப்பதம் மிகுந்த ஊர். டாட் 3 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு இவை 230, 155. திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். எனவே பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. மேலே சொன்ன மலையிறக்கத்தில் இது நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காரின் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். இதற்கு ஆகும் செலவு, சிவப்புப் பிடிப்பானின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கையேடு அனுமதித்தால் டாட் 3க்கு மாற்றாக டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. அதை இவற்றோடு கலக்கவே கூடாது.

பத்தாண்டு கடந்த கார்கள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்கின்றனவே என்று கேட்கலாம். செல்கின்றன. அங்கே பிரேக்கின் விசையை அளக்கிறார்கள். அது அன்றைய நிலைக்கான சான்று. திரவம் எத்தனை பாகையில் கொதிக்கும் என்பதையோ, எட்டாண்டு டயர் கனமழையில் எப்படிப் பிடிக்கும் என்பதையோ அது சொல்லாது. தேர்வில் தேறியதையும் பாடம் தெரிந்ததையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று பெற்றோரிடம் நாம் அடிக்கடி சொல்வதில்லையா?

பத்து கிலோமீட்டர் வேகம்

மாணவரிடம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆபத்தைக் கண்டபின் கால் பெடலுக்குச் செல்ல ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்த டயர், ஈரச் சாலை என்பதால் கார் நொடிக்கு 4 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அந்த ஒரு நொடியில் 14 மீட்டர், பிரேக் பிடித்தபின் 24 மீட்டர், ஆக 38 மீட்டரில் கார் நிற்கும்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் சென்றால், 11 மீட்டர், பிறகு 15 மீட்டருக்குச் சற்று மேல், ஆக ஏறத்தாழ 26.5 மீட்டரில் நிற்கும்.

வேறுபாடு சுமார் பதினொன்றரை மீட்டர். நம் சாலையில் ஓடும் ஒற்றைத் தளப் பேருந்தின் நீளம் ஏறத்தாழ அவ்வளவு. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 40இல் வந்த கார் முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தை, 50இல் வந்த கார் மணிக்கு 34 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றால்?

மாணவர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், அன்று நான் ஐம்பதுக்கும் மேலே வந்திருப்பேன்" என்றார். அதுவரை அவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் டயரை மறக்கிறோம்?

இதற்கு அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990ஆம் ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது முதல், இங்கே கார் என்பது வாங்கிய நாளிலிருந்தே நாள் எண்ணத் தொடங்கும் பொருளாகிவிட்டது. 2023ஆம் ஆண்டு சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவிலேயே அச்சான்றிதழின் விலை ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அவ்வளவு கொடுத்தபின், "இன்னும் ஒன்றரை ஆண்டில் கழிக்கப் போகிற காருக்குப் புது டயர் எதற்கு?" என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது. நானும் என் பழைய காருக்கு அப்படி எண்ணியவன்தான். ஆனால் சாலையைக் கடக்கும் பிள்ளைக்கு அந்தக் காரின் சான்றிதழ் எப்போது முடிகிறது என்பது தெரியாது. கழிக்கப்படும் நாளின் காலைவரை அந்தக் கார் நிற்க வேண்டிய இடத்தில் நின்றாக வேண்டும்.

பார்வைக்குத் தெரிவதை மாற்றுவதில் நமக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. சிவப்புப் பிடிப்பான் சக்கரத்தின் இடுக்கில் பளிச்சென்று தெரியும். புதிய திரவம் தெரியாது. கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் மதிப்பெண் இழக்கும் பிள்ளைக்கு மூன்றாவது துணைப்பாட வகுப்பைத் தேடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அன்பு குறைவில்லை, பணமும் செலவாகிறது. ஆனால் குறை வேறிடத்தில் இருக்கிறது. முதலில் எங்கே வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. சிறிய காரின் பிரேக்கை மேம்படுத்த விரும்புவோர் முதலில் டயரைப் பாருங்கள்: வயது, பள்ளம், காற்று. அடுத்துத் திரவத்தை மாற்றுங்கள். பிறகு கட்டையும் தட்டும் தேய்ந்திருந்தால் அதே அளவில் தரமான புதியவற்றைப் போடுங்கள். பந்தயக் கட்டைகளைத் தேடாதீர்கள். அவை சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும், காலையில் பள்ளிக்குச் செல்லும் குளிர்ந்த பிரேக்கில் அல்ல. ரப்பர் குழாய் வெடித்திருந்தால் மாற்றுங்கள். இவ்வளவும் செய்தபின் மழைநாளில் வேகத்தில் பத்தைக் குறையுங்கள். இதற்குப் பிறகும் பணமும் ஆசையும் மிஞ்சினால், விதியைப் பார்த்துவிட்டுப் பெரிய பிரேக்கைப் பற்றி யோசியுங்கள்.

மாணவர் நான்கு டயர்களையும் திரவத்தையும் மாற்றிவிட்டார். முன் பிரேக் கட்டைகளும் தேய்ந்திருந்தன, அவையும் மாறின. ஒதுக்கிய பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். "பிடிப்பானுக்கு மட்டும் சிவப்பு வண்ணம் அடித்துக்கொள்ளட்டுமா சார்?" என்றும் கேட்டார். அடித்துக்கொள்ளட்டும். வெப்பம் தாங்கும் வண்ணமாக இருந்தால் போதும்.

இன்று மாலை கார் நிறுத்துமிடத்துக்குச் செல்லும்போது ஒரு நிமிடம் குனிந்து உங்கள் டயரிலுள்ள அந்த நான்கு இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். பிள்ளை உடன் வந்தால் அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர், ஆங் மோ கியோ